பாதியில் நின்ற நீல அலமாரி

நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு வேலையைக் காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொன்னால், உங்கள் வீட்டில் உங்களை யாராவது மன்னிப்பார்களா?

சொர்ணத்தை யாரும் மன்னிக்கவில்லை.

அன்று காலை தச்சர் உபைத், ட்ரில்லிங் மெஷினைப் பையிலிருந்து எடுத்து, ஒயரை நீட்டி, பிளக்கைச் சொருகப் போனார். அந்த நேரத்தில்தான் சொர்ணம் ஈரக் கையோடு ஓடிவந்து சுவருக்கு முன்னால் நின்றாள்.

"பாய்... வேணாம். எடுத்து வெச்சிடு."

"இன்னாம்மா வேணாம்? டீயா?"

"ட்ரில்லு வேணாம். செவுத்துல கை வெக்காத. வேலைய அப்படியே நிறுத்து."

உபைத் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார்.

"பெட்டி ரெடி. பலகை ரெடி. கதவுக்கு ரெண்டாவது கோட்டு அடிச்சி காஞ்சிக்கினு கீது. செவுத்துல மாட்டினா வேல முடிஞ்சிது. இப்ப வந்து நிறுத்துன்றியே... தாலி கட்ற நேரத்துல மேளக்காரன வூட்டுக்குப் போன்னு சொல்ற மாரி கீது!"

"சொன்னா கேளு பாய்!"

உள்ளறையிலிருந்து கயல் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தாள். நான்கு நாளாக அவளுக்குப் பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் குமட்டுகிறது, தலை சுற்றுகிறது.

"என்ன அத்தை? எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க?"

சொர்ணம் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எனக்கு வேணாம்னு தோணுது கண்ணு. அவ்ளோதான்..."

சைதாப்பேட்டையில், ஆற்றை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில், இரண்டாவது மாடி வீடு அது. ஹாலில் ஒரு பக்கச் சுவர் ஆள் நுழைகிற அளவுக்கு உள்வாங்கியிருக்கும். அதற்கு மேலே கூரையில் ஓர் இரும்புக் கொக்கி. சொர்ணத்தின் மகன் அசோகன் அந்தக் கொக்கியில் கட்டிய தூளியில்தான் வளர்ந்தான். அவன் அப்பா போன பிறகு, சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பூ விற்று அவனை ஆளாக்கினாள் சொர்ணம். இப்போது அவன் கால் டாக்சி ஓட்டுகிறான்.

கயல் சாந்தோம் கடற்கரைப் பக்கத்துப் பெண். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி வரும்போது நகையைவிடப் புத்தகம்தான் அதிகம் கொண்டுவந்தாள். அத்தனையும் அரிசி மூட்டைச் சாக்கில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஆனாலும் சுவரில் இருந்த அந்த இடத்தை அவள் கேட்டதே இல்லை. அது எதற்கான இடம் என்று அவளுக்கும் தெரியும்.

போன வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனபோது, சொர்ணத்தால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. கூடையில் பூவோடு சேர்த்துச் சர்க்கரைப் பொட்டலத்தையும் கொண்டுபோய் மார்க்கெட் முழுக்கக் கொடுத்தாள். மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்போதுதான் பாத்ரூம் கதவு உளுத்துப் போனதென்று பழைய நிலையைப் பெயர்த்து எடுத்துப் புது நிலை அடித்தார்கள். சுத்தியல் சத்தத்தில் வீடே அதிர்ந்தது. அடுத்த வாரமே கரு கலைந்துவிட்டது.

'இதெல்லாம் சகஜம்மா, யாரும் காரணமில்ல' என்றார் டாக்டரம்மா. ஆனால் மாசமா இருக்கிற பெண் உள்ள வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவள் சொர்ணம். தெரிந்தும் விட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, அன்றைக்குக் கயல் கேட்டது ஒன்றுதான்.

"இனிமே ஏதாவது வந்தா... நானா சொல்ற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது அத்தை. என்கிட்டகூடப் பேசக் கூடாது. ஆசைப்பட்டுட்டு அப்புறம் இல்லன்னா... என்னால தாங்க முடியல."

சொர்ணம் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

அதற்குப் பிறகு வருஷம் ஓடியது. கயலுக்கு மாதக் கணக்கே தாறுமாறாகிவிட்டது. ஒருநாள் அவளே வந்து, "அந்த எடம் சும்மாத்தானே இருக்கு அத்தை. அலமாரி கட்டிக்கட்டுமா? கீழ கதவு போட்டு, மேல புக் ஷெல்ஃப்" என்று கேட்டாள். ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்ட குரல் அது. சொர்ணம் தலையாட்டிவிட்டு, அங்கே அடைத்து வைத்திருந்த பாத்திரங்களைத் தானே எடுத்துப் பரணில் போட்டாள்.

உபைத் வந்தார். பிளைவுட்டை அறுத்தார். பெட்டி கோத்தார். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்தார். கயல் ஆசைப்பட்டு நீலக் கலர் எடுத்தாள்.

"இன்னா கண்ணு, கார்ப்பரேஷன் ஸ்கூல் கதவு மாரி கீது!"

"நான் டீச்சர்தானே அத்தை. இனிமே பெல் அடிச்சாத்தான் உங்களுக்குச் சோறு!"

அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

அதே வாரத்தில்தான் சொர்ணம் கவனித்தாள். நெத்திலிக் கருவாடு என்றால் உயிரை விடுகிற சாந்தோம் பெண், தட்டைத் தள்ளி வைத்தாள். காபி ஆறிப்போய்க் கிடந்தது. உபைத் உப்புத்தாள் தேய்க்கிற இரைச்சலுக்கு நடுவிலேயே, புத்தகத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்தவாக்கில் தூங்கினாள். கேட்டால் "பெயின்ட் வாசனை" என்றாள். அசோகனும் அதையேதான் சொன்னான். உபைத்கூட, "என் பொண்டாட்டிக்கும் டர்பன்டைன் ஆவாது" என்றார்.

சொர்ணத்துக்கு மட்டும் இது பெயின்ட் இல்லை என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கேட்கலாமா? சத்தியம் செய்திருக்கிறாளே! கேட்டு, ஆசை காட்டி, கடைசியில் இல்லையென்று ஆகிவிட்டால்? மறுபடி அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பாளே! தானே தெரிந்துகொள்ளட்டும். அதுவரைக்கும் அந்தச் சுவரில் ட்ரில் படக்கூடாது. அதற்காக என்ன பேச்சு வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

பேச்சு வந்தது. உபைத் மெஷினைக் கட்டிக்கொண்டு, "அடையாறுல ஒரு பார்ட்டி காத்துக்கினு கீது, நீங்க பேசி முடிச்சிட்டு போன் பண்ணுங்க" என்று போய்விட்டார். சொர்ணம் பெயின்ட் டப்பாக்களையும், கழற்றி வைத்திருந்த நீலக் கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். ஹாலில் வெறும் பெட்டி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஒரு வாரம் கயல் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அசோகன் வண்டி எடுக்கவில்லை. அன்றைக்கு வெடித்தது.

"ம்மா, இன்னாதான் உன் பிரச்சன? வாயத் தொறந்து சொல்லு. நடக்கக்கூட எடமில்லாம இந்தப் பொட்டி குறுக்க நிக்குது!"

"கொஞ்ச நாள் போவட்டும்டா..."

"எதுக்குக் கொஞ்ச நாள்? காரணம் சொல்லேன்!"

"காரணம் நான் சொல்றேன்" என்றாள் கயல். "அந்தக் கொக்கிக்குக் கீழ தூளிதான் தொங்கணும், புக்கு இருக்கக் கூடாது. அதானே அத்தை? நேராவே சொல்லிடுங்க... நான் பெக்காதவன்னு ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிடுங்க!"

"ஐயோ... அப்படி இல்லம்மா! என் கண்ணாண, அப்படி இல்ல!"

"வேற எப்படி? அந்த எடத்தக் கேக்க எனக்கு எவ்ளோ நாள் ஆச்சு தெரியுமா? மனச எவ்ளோ கல்லாக்கிக்கிட்டுக் கேட்டேன் தெரியுமா? சரின்னு தலையாட்டிட்டு, எல்லாம் முடியிற நேரத்துல வந்து குறுக்க நிக்கிறீங்களே... நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?"

ஒரே ஒரு வார்த்தை. அது சொர்ணத்தின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"டேய் அசோகா... நான் இங்க இருந்தாத்தான் சண்ட. நான் பெரும்பாக்கம் போயி செம்பியன் வூட்ல இருந்துக்கிறேன்." செம்பியன் அவள் தம்பி. ஆற்றோரம் இருந்த அவன் குடிசையை எடுத்துவிட்டு, அரசாங்கத்தில் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். "எவ்ளோ நாளானாலும் சரி. கூப்டாத்தான் வருவேன். ஆனா ஒண்ணு... அந்தச் செவுத்துல மட்டும் இப்ப கை வெக்காத நைனா. உன் கால்ல வோணா வுழுறேன்."

"பாத்தீங்களா!" கயல் கதறிவிட்டாள். "வீட்ட விட்டே போவாங்களாம்... ஆனா எனக்கு ஒரு ஷெல்ஃப் வரக் கூடாதாம்!"

அசோகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அம்மாவைத் தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

சொர்ணம் இரண்டு புடவையைத் துணிப்பையில் வைத்தாள். "ஒலைல அரிசி போட்டுகீறேன், வெந்ததும் வடிச்சிடு கண்ணு" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் தலை மறைந்ததும் அசோகனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. போனை எடுத்தான்.

"பாய், நாளைக்குக் காலைல வந்து மாட்டிக் குட்த்துடு. ஆமா, அம்மா இல்ல. ஒரே அடியா முடிச்சிடு."

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சோற்றுப் பானையை இறக்கினாள். தட்டை மூடிக் கவிழ்த்தாள். கஞ்சி வடிந்தது. ஆவி எழும்பி முகத்தில் அடித்தது.

அவ்வளவுதான். பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருவதுபோல ஓங்கரித்தாள்.

"இந்த பெயின்ட் வாசனை இருக்கே..." என்று அசோகன் ஹாலிலிருந்து சொன்னான்.

கயல் நிமிர்ந்தாள்.

பெயின்ட் எங்கே இருக்கிறது? டப்பா மாடிக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. கதவும் இங்கே இல்லை. ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். சோற்று வாசனைதான் வந்தது. வயிறு மறுபடி புரண்டது.

கைவிரல்களை மடக்கி எண்ணினாள். எந்த மாதத்திலிருந்து எண்ணுவது என்றே தெரியவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள்... தன்னைப் பத்து நாளாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு முகம் நினைவுக்கு வந்தது. கருவாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது ஒன்றுமே கேட்காமல் திரும்பிப் பார்த்த முகம். ட்ரில்லுக்கு முன்னால் ஈரக் கையோடு நின்ற முகம்.

"ஐயோ... அத்தை!"

செருப்புக்கூடப் போடாமல் படியில் இறங்கினாள்.

பஸ் ஸ்டாப்பில் சொர்ணம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரும்பாக்கம் பஸ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தலைவிரி கோலமாக ஓடிவருகிற மருமகளைப் பார்த்தாள். சத்தியம், வைராக்கியம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஓடாதடி! அடியே, ஓடாத! அங்கயே நில்லு... நான் வரேன்!"

கயல் நின்றாள். நடு பிளாட்பாரத்தில் நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சொர்ணம் வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். கயல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியும்... இல்ல?"

"எனக்கு இன்னா கண்ணு தெரியும்... தோணிச்சி. தோணினத எப்டிச் சொல்றது? இல்லன்னு ஆயிட்டா நீ ஒடஞ்சி பூடுவியே..."

"நான் அவ்ளோ பேசினேனே... வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேனே... அப்பகூட ஒரு வார்த்த..."

"நீதானம்மா சொன்ன. நீயா சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

"அதுக்காக வீட்ட விட்டுப் போவீங்களா!"

"திட்னா இன்னா? நான் இன்னா தேஞ்சா பூட்டேன்..." என்று சிரிக்கப் பார்த்தாள் சொர்ணம். முடியவில்லை. ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்தது அத்தனையும் உடைத்துக்கொண்டு வந்தது. கயல் அவளை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இளநீர் வண்டிக்காரர் வெட்டின இளநீரோடு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருவேள இல்லன்னா அத்தை?" தோளில் முகம் வைத்தபடியே கயல் கேட்டாள்.

"இல்லன்னா பாய வரச் சொல்லு. நானே அந்தப் பலகையப் புடிச்சிக்கினு நிக்கிறேன், நீ புக்க அடுக்கு. ரெண்டுல எது வந்தாலும் நீ என் கொயந்ததானே."

அசோகன் மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் கயலின் செருப்பு.

"இன்னாம்மா நடக்குது? வூட்ல அவ்ளோ சண்ட போட்டுட்டு, நடுரோட்ல கட்டிப்புடிச்சிக்கினு நிக்கிறீங்க! யாராச்சும் எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்களேன்!"

"மொதல்ல செருப்பக் கீழ போடுடா, அவ கால் சுடுது" என்றாள் சொர்ணம்.

பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. போய்விட்டது. அசோகன் அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். மூன்று பேரும் மெதுவாக, ரொம்ப மெதுவாக வீட்டுக்கு நடந்தார்கள்.

வழியில் மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த கர்ப்ப டெஸ்டை மறுநாள் காலையில் கயல் பண்ணிப் பார்த்தாள். இரண்டு கோடு வந்தது. கொஞ்ச நேரத்தில் உபைத் ட்ரில்லோடு வந்து மணியடித்தார். கயல் கதவைத் திறந்து, இப்போது வேண்டாம், அடுத்த வருஷம் வாருங்கள் என்றாள். அவர் டீ குடித்துவிட்டு அடையாறு வேலைக்குப் போனார்.