தொப்பியைப் பிடுங்கிய யகனா

புழுதிக் காற்று வீசும் மாதத்தில் பனிக்கட்டி பார்த்ததுண்டா? யகனா பார்த்தாள். வேப்பமரத்தடியில் செவிலி அக்கா நீலப் பெட்டியைத் திறந்ததும் சில்லென்ற காற்று அவள் முகத்தில் பட்டது. உள்ளே பனிக்கட்டிகளுக்கு நடுவே கட்டைவிரல் உயரத்தில் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன.

"அக்கா, இத்துனூண்டு மருந்தா மூளைக்காய்ச்சலைத் தடுக்கும்?"

"ஆமாடி. குளிர்ச்சி குறையாம பாலைவனத்தைத் தாண்டி வந்திருக்கு. சாயங்காலம் கிளம்பிடுவோம்."

யகனா வாய் பிளந்து நின்றாள். அப்போதுதான் அவள் தோழன் யெரோ நினைவுக்கு வந்தான். மேய்ச்சலைத் தேடி ஊர் ஊராகப் போகும் புலானி இடையர்களின் பிள்ளை. அவன் மந்தை இன்று கிணற்றுக்கு வந்திருந்தது.

யகனா ஓடினாள். யெரோவின் அப்பா ஜிப்போ மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, யெரோவை ஊசி போட அனுப்புங்க!"

"மேய்ச்சல் நிலம் ரொம்ப தூரம். நேரமில்ல. காராமணி தின்னிங்களுக்குத்தான் ஊசி வேணும். பால் குடிக்கிற எங்களுக்கு எதுக்கு?"

யகனா காராமணி பயிரிடும் கனூரி இனத்துப் பெண். கனூரிகளும் புலானிகளும் சந்தித்தால் இப்படித்தான் கேலி பறக்கும். எதைச் சொன்னாலும், எதைப் பிடுங்கினாலும் கோபப்படக் கூடாது. முன்னோர் காலத்து வழக்கம் அது.

ஜிப்போ தண்ணீர் குடிக்கக் குனிந்தார். யகனா அவருடைய கூம்புத் தொப்பியை லபக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தாள்.

"அடியே திருடி!"

"எங்க வீட்டு மாட்டுக்காரருக்குத் தொப்பி ஒரு கேடா? வேணும்னா யெரோவைக் கூட்டிட்டு வாங்க!"

கிணற்றடியே சிரித்தது. ஜிப்போவும் சிரித்துக்கொண்டே மகனோடு பின்னால் வந்தார். மரத்தடியில் யகனாவின் அண்ணன் புக்கர் சிறுவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, கொஞ்சம் வழி விடு" என்றார் ஜிப்போ.

புக்கர் நகரவில்லை.

"ஏ தம்பி!"

அந்தக் குரலுக்குக் கிணற்றடி மாடுகள்கூடத் திரும்பின. புக்கர் திரும்பவில்லை.

யகனாவின் சிரிப்பு நின்றது. "அண்ணனுக்குக் காது கேக்காது மாமா. சின்ன வயசுல மூளைக்காய்ச்சல் வந்துச்சு. அப்ப இந்தப் பெட்டி எங்க ஊருக்கு வரல."

ஜிப்போ மகனைப் பார்த்தார். யெரோ சீழ்க்கை அடித்தால் மந்தையே திரும்பும். இருட்டில் தொலைந்த கன்றை அதன் குரலை வைத்தே கண்டுபிடிப்பான்.

"காதாலதானே மாடு மேய்க்கிறோம்..." என்று முணுமுணுத்தார். பிறகு யெரோவை வரிசையில் நிறுத்தினார்.

"வலிக்குமா?" என்றான் யெரோ.

"எருதுக்குப் பயப்படாதவனுக்கு ஊசின்னா பயமா?" என்றாள் யகனா.

யெரோ வீறாப்பாகச் சட்டையைச் சுருட்டினான். ஒரு நொடிதான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் செவிலி அக்கா.

யகனா காலிக் குப்பியையே பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் போல இருந்த மருந்து இனி யெரோ போகும் இடமெல்லாம் கூடவே காவலுக்குப் போகும். நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அவள் தொப்பியை நீட்டினாள். ஜிப்போ அதை வாங்கிப் புக்கரின் தலையில் வைத்தார்.

"அடுத்த வருஷம் வந்து பிடுங்கிக்கிறேன்!"

மந்தை புழுதிக்குள் மறைந்தது. தூரத்தில் யெரோவின் சீழ்க்கை கேட்டது. யகனா அண்ணனின் உள்ளங்கையில் அந்த மெட்டைத் தட்டிக் காட்டித் திசையைச் சுட்டினாள்.

புக்கர் தொப்பியைக் கழற்றி, அந்தப் பக்கமாக உயர்த்தி ஆட்டினான்.