ஒரு பூஜ்யம் குறைகிறது

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகர்மேல் மழை மேகம் கவிந்து, மெராபி மலை இருந்த இடமே தெரியாமல் போன ஒரு பிற்பகலில், பாத்திக் துணி வியாபாரி ஹர்தோனோ துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்தார்.

“என் மருமகன் திருடன், அம்மா,” என்றார்.

துப்பறிவாளர் கினாசி மல்லிகைத் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். உதவியாளன் பாகஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

கடையின் இணைய விற்பனைக்கு நிரல் எழுதியவன் மருமகன் காலிஹ். கடைக்குப் புதுக் கணினி வந்த வாரத்திலிருந்து, இரண்டரை லட்சம் ரூபியா சரோங்குகள் வெறும் இருநூற்றைம்பதுக்குப் போயிருந்தன. தன் ஆட்களுக்கே மலிவாக விற்றுக்கொள்கிறான் என்று ஹர்தோனோ அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார். மகளும் கூடவே போய்விட்டாள்.

“விலையில ஒரு பூஜ்யத்தைத் தின்னுட்டான். பாருங்க.”

கைபேசித் திரையில் ‘250.00’ என்றிருந்தது.

“பத்து லட்சத்துக்கு மேல உள்ள பட்டு எப்படிப் போகுது?” என்று கேட்டார் கினாசி.

“ஒண்ணுகூட விக்கல. வாங்கப் போனா ‘பிழை’ன்னு வருதாம்.”

“சந்தேகம் வரக்கூடாதுன்னு பட்டுல மட்டும் கைவைக்காம விட்டு வெச்சிருக்கான்,” என்றான் பாகஸ்.

“விக்கவே விடாம பண்ணினா திருடனுக்கு என்னப்பா லாபம்?” என்றார் கினாசி.

மழை இறங்கியது. அதன் சத்தத்துக்குள் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கினாசியின் குரல் கேட்டது.

“பூஜ்யம் எதுவும் குறையல, ஐயா. நம்ம நாட்டுல ஆயிரத்துக்குப் புள்ளி வைக்கிறோம், சில்லறைக்குக் கமா. இங்கிலீஷ்ல அது தலைகீழ். நீங்க ‘250.000’னு விலை போடுறீங்க. நிரல், கணினியோட மொழி வழக்கப்படி படிக்குது. புள்ளிக்கு அப்புறம் சில்லறைன்னு நினைச்சு இருநூத்தம்பதா எடுத்துக்குது. திரும்பக் காட்டும்போதும் சில்லறைக்கு ரெண்டு பூஜ்யம் போட்டுக் காட்டுது.”

“அப்ப ‘1.250.000’?” என்றான் பாகஸ்.

“ரெண்டு புள்ளி வெச்ச எண்ணே இங்கிலீஷ்ல கிடையாது. அதான் பிழை.” கினாசி ஹர்தோனோ பக்கம் திரும்பினார். “புதுக் கணினியில மொழியைத் தேர்ந்தெடுத்தது யாரு?”

ஹர்தோனோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வெளிநாட்டுக்காரங்க வர்ற கடை. கௌரவமா இருக்கட்டும்னு இங்கிலீஷை வெச்சது... நான்தான்.”

“எந்தக் கணினியானாலும் நம்ம வழக்கத்துலதான் படிக்கணும்னு காலிஹ் நிரல்ல கட்டி வெச்சிருக்கணும். அது கவனக்குறைவு. திருட்டு இல்ல.”

ஹர்தோனோ அங்கிருந்தே மகளைக் கைபேசியில் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளைகிட்ட போனைக் குடும்மா.”

“அவர் பேசமாட்டேங்கறார்ப்பா.”

“சரி. நான் நேர்ல வந்து சொல்றேன்.”

மறுமுனையிலும் மழைச் சத்தம் கேட்டது.

“மழை விட்டதும் வாங்க,” என்றாள் மகள்.

மழை விடும்வரை அவர் காத்திருக்கவில்லை.