கழுத்துப் பலகை

மூன்று நாள் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து நாற்றம் வரவில்லை. சாவியோடு கதவருகே நின்ற தங்கலட்சுமிக்கு அதுதான் முதலில் உறைத்தது.

பந்தல்குடி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் மருந்துக் கம்பெனி அது. ஊசி மருந்தை முயலுக்கு ஏற்றி, காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். முயல்கள் அசையாமலிருக்க, வரிசையாகக் கழுத்துகளைப் பலகைத் துளைகளில் மாட்டித் திருகாணியை இறுக்குவது அவள் வேலை. ஐந்து மணி நேரம் கழித்து அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தாயிற்று என்று காலையிலேயே நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

வெள்ளிக்கிழமை ஊரில் மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக்கட்டு. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர பஸ்ஸுக்கு ஓடியவள், அவிழ்க்க மறந்துபோனாள். காப்புக் கட்டிய பிறகுதான் நினைவு வந்தது. இனி பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. முயலுக்காகச் சாமிகுத்தம் தேடிக்கொள்ள அவளுக்குத் துணிச்சல் இல்லை. சூப்பர்வைசர் வெள்ளத்துரையைப் போனில் கூப்பிட்டாள்.

"அவுத்தாச்சுன்னு நீதான தாயி கையெழுத்து போட்டிருக்க. பேசாம சாமியக் கும்புடு. திங்கக்கெழம பாத்துக்கிருவோம்."

பேசாமல்தான் இருந்தாள். ஒன்றாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று மாரியிடம் வேண்டினாள்.

இப்போது, திங்கட்கிழமை காலை, கதவைத் திறந்தாள். பினாயில் வாடையும் ஏசியின் இரைச்சலும் ஈரக் குளிரும் முகத்தில் வந்து மோத, பலகைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு தலைகள் அவளைப் பார்த்தன. மூக்குகள் துடித்தன.

அழுதுவிட்டாள். "காப்பாத்திட்டயே தாயே."

கொண்டுவந்த அகத்திக்கீரையை ஒவ்வொன்றுக்கும் ஊட்டினாள். ஆவலாகக் கடித்தன. அறை முழுக்க மெல்லும் சத்தம்.

சொத்.

பலகைக்குப் பின்னால் ஏதோ விழுந்தது.

சொத். சொத்.

திருகாணியைத் தேடிப் பின்பக்கம் கையை விட்டாள். ரோமம் தட்டுப்பட்டது. விரல் அழுந்தியது. உள்ளே போயிற்று. கூழ். அதற்குள் ஏதோ நெளிந்தது.

எட்டிப் பார்த்தாள்.

வயிறு வெடித்த உடல்கள். பன்னிரண்டும். புழு வைத்து, கழுத்து அழுகி, தலையை விட்டுக் கழன்று கிடந்தன. மென்ற கீரை துளைகளின் வழியே பச்சை உருண்டைகளாக அவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

மெல்லும் சத்தம் நின்றது.

கீரை தீர்ந்திருந்தது. தலைகள் அவளுடைய இன்னொரு கையை மோந்து பார்த்தன. பிறகு பன்னிரண்டு வாய்களும் திறந்தன.