திறக்காத சிலிண்டர்

செடிகள் விளக்கை நோக்கி வளரவில்லை.

அவள் அதைக் கவனித்தது ஒரு பகல் பதினொரு மணிக்கு, பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது. அறுந்த நூலை மறுபடி கோக்கத் தலையைத் தூக்கியவளின் கண்ணில் மீன் தொட்டி பட்டது. நாலடி நீளத் தொட்டி. மேலே புதிதாகப் பொருத்திய விளக்கு பல் டாக்டர் அறை மாதிரி வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. செடி என்றால் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நிமிரும். இங்கோ நீருக்கடியில் அத்தனை தண்டுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, இலை நுனிகள் இடது கண்ணாடியில் முட்ட, கூடத்தின் இடது மூலையைப் பார்த்து நின்றன. அந்த மூலையில் அவள் கணவரின் கட்டில் இருந்தது.

தண்ணீர் சுற்றுகிற வேகத்தில் சாய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நூலைக் கோத்தாள். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு வேண்டுமே.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே எழுத்து: "போ." தண்ணீர் வேண்டுமென்றாலும் போ, வலித்தாலும் போ. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது, நடுவில் தையல். அவள் எப்போது உட்கார்ந்தாள், எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

தொட்டி அவர் வளர்த்தது. அவர் விழுந்த பிறகு அது பாசி பிடித்து, செடிகள் பழுப்பேறி, சாக்கடை நிறத்துக்கு வந்திருந்தது. அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வருபவர்தான் சொன்னார், மீன்களைப் பார்க்கும்போது மட்டும் அவர் கண் உயிரோடு இருக்கிறது என்று. அதை வெளியூரில் இருக்கும் மகளிடம் சொன்னாள். மறுவாரம் விளக்கும் கரியமில வாயுச் சிலிண்டரும் வந்து இறங்கின. கூடவே வளர்ப்பு மீன் கடைக்காரரும் வந்தார்.

"வெளிச்சத்த மட்டும் கூட்டினா போதாதுக்கா. விருந்துக்குக் கூப்பிட்டு வெறும் தட்டை வெச்ச மாதிரி ஆயிடும். செடிக்குச் சாப்பாடே இந்த வாயுதான். நாம வெளிய விடுற மூச்சு இருக்குல்ல, அதேதான்."

சிலிண்டரிலிருந்து மெல்லிய டியூப், வழியில் நீர் நிரப்பிய விரலளவு கண்ணாடிக் குழாய், அதிலிருந்து தொட்டிக்குள். குழாய்க்குள் ஏறும் குமிழிகளை வைத்துத்தான் எவ்வளவு வாயு போகிறதென்று தெரியும். நொடிக்கு ஒன்று என்று திருகி வைத்துக் காட்டினார்.

"இன்னிக்கு நடவு புதுசு, வேர் ஊனட்டும். மேல் திருகை மூடிட்டுப் போறேன். நாளைக்குக் காலைல திறந்துடுங்க, மறந்துடாதீங்க. அப்புறம் எல்லாத்தையும் டைமர் பாத்துக்கும்."

மறுநாள் காலையில் கணவருக்குக் காய்ச்சல். அன்று அவள் பல் தேய்த்ததே மதியம்தான். ஆனால் பத்து மணிக்கு விளக்கு எரிந்தது, குழாயில் குமிழி ஏறியது, எல்லாம் ஓடுகிறது என்று விட்டுவிட்டாள்.

மூன்று வாரத்தில் தொட்டி காடாகிவிட்டது. ஒவ்வொரு இலையின் அடியிலும் முத்து முத்தாகக் காற்றுத் துளிகள். கணவர் தலையைத் திருப்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் போனில் சொன்னபோது அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.

"அப்பாக்குப் பிடிச்சிருக்காம்மா?"

"கண்ணை எடுக்கறதில்லடி."

"நீ எப்படி இருக்க?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லி, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

செடிகள் சாய்ந்திருப்பதைப் பார்த்த அன்று மாலையே அவற்றை வெட்டி, நிமிர்த்தி நட்டாள். மறுநாள் மதியம் மறுபடி கட்டிலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. மீன்கள் எல்லாம் எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, நீந்தாமல், வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் மூச்சைக் கவனித்தாள். மெஷினை மிதிக்கும் கால் ஏதோ ஒரு தாளத்துக்குத் தன்னைக் கொடுத்துவிட்டிருந்தது. எந்தத் தாளம் என்று தேடி மெஷினை நிறுத்தினாள். அறையில் ஈரத்துணி வாடை, மருந்து வாடை, அவற்றுக்கு அடியில் புதிதாக வெட்டிய புல்லின் வாடை. கட்டிலில் கணவரின் மூச்சு கரகரவென்று வெளியே வந்தது. குழாயில் ஒரு குமிழி ஏறியது. மூச்சு உள்ளே போனது. குழாய் காலி. மூச்சு வெளியே வந்தது. ஒரு குமிழி.

அவர் இருமினார். மூன்று குமிழிகள் ஒன்றாக ஏறின.

கண் சொருகுகிற அசதியில் என்னென்னவோ தோன்றும் என்று தேற்றிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அவரைத் துடைக்கும்போது கை தயங்கியது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். உதட்டோரம் நீலம். டாக்டர் வந்து பார்த்து, "இந்த நிலைமைல இப்படித்தாம்மா போகும்" என்றார். கணவரின் இடது கை விரிப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்தது.

"போ... போ..."

"எங்கங்க போறது? போறதுக்கு எனக்கு வேற எடம் இருக்கா?" என்று கத்தினாள். கத்தியதும் அழுகை வந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே அந்த இடைவெளி அப்படியே நீண்டுவிட்டால் தேவலை என்று, முந்தின நாள் ஒரு கணம் அவள் நினைத்திருந்தாள். அது அவருக்குக் கேட்டுவிட்டதோ என்று இருந்தது.

இரண்டு மாதம் முடிந்ததும் கடைக்காரர் மாற்றுச் சிலிண்டரோடு வந்தார்.

"மீட்டர் முள்ளை நம்பக் கூடாதுக்கா, எடையைத்தான் பாக்கணும்" என்று பழையதைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த தராசில் மாட்டினார். இறக்கினார். மறுபடி மாட்டினார்.

"என்னக்கா இது, நான் கொண்டுவந்த எடை அப்படியே இருக்கு?" மேல் திருகைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது மூடியே இருக்கே. நீங்க திறக்கவே இல்லையா?"

அவளுக்கு அந்தக் காய்ச்சல் காலை ஞாபகம் வந்தது. "மறந்துட்டேன் தம்பி."

"அப்போ இவ்வளவு நாள் குமிழி வரலியா?"

"வந்துச்சே."

அவர் சிரிக்க ஆரம்பித்து, தொட்டியைப் பார்த்து, பாதியில் நிறுத்தினார். சிலிண்டரைக் கழற்றிய பிறகு டியூபின் வெறும் முனை தரையில் கிடந்தது. கட்டிலில் கணவர் மூச்சு விட்டார். கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழி ஏறியது.

கடைக்காரர் இரண்டு சிலிண்டர்களையும் தூக்கிக்கொண்டார். தராசை விட்டுவிட்டார். "கடைல ஆள் இல்லக்கா, அப்புறமா வரேன்." வாசலில் செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அவள் டியூபை வெட்டினாள். இரண்டு துண்டாகக் கிடந்தது. குமிழி ஏறியது. விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள். கூடம் மங்கியது. குமிழி ஏறியது. தொட்டியைக் காலி செய்ய முப்பது வாளித் தண்ணீர் இறைக்க வேண்டும். கையில் ஒரு வாளி தூக்கும் பலம் இல்லை. நாளைக்கு. முதலில் அவரை.

கட்டிலுக்குச் சக்கரம் உண்டு. உள் அறை வாசலின் திரையைக் கழற்றி, இடித்து, இழுத்து, தள்ளி, வேர்க்க விறுவிறுக்க உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். கால் மணி நேரத்தில் அவர் மூச்சிலிருந்த கரகரப்பு இறங்கியது. உதட்டின் நீலம் வெளுத்தது. அவர் அவளையே பார்த்து, வாயைக் கூட்டிக் கூட்டி, இத்தனை மாதத்தில் முதல் முறையாக அந்த எழுத்தைத் தாண்டினார்.

"போ...தும்."

அவள் அவர் நெற்றியில் கை வைத்தாள். அவர் அவளை விரட்டவில்லை. இத்தனை நாளும் விரட்டவில்லை.

கூடத்துக்கு வந்து கதவைச் சாத்தினாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குழாயில் குமிழி இல்லை. அப்பாடா என்று நாற்காலியில் சரிந்து, நெஞ்சு காலியாகும்படி ஒரு பெருமூச்சு விட்டாள்.

பெரிய குமிழி ஒன்று ஏறியது.

அவள் அசையவில்லை. மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது.

குமிழி.

எழுந்து வாசல் பக்கம் பின்வாங்கினாள். நாலு அடி. ஐந்து. குமிழிகள் மெலிந்தன. வாசற்படியில் கால் வைத்தபோது நின்றன. அப்போது உள் அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், கரகரவென்று அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது. குமிழி ஏறியது. அவருடைய தாளத்தில்.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

பிறகு திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்தாள். தொட்டிக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தாள்.

உள்ளே கரகரப்பு அடங்கியது.

அரையிருட்டில் தண்டுகள் திரும்பின. சத்தமில்லாமல். ஒவ்வொன்றாக. இடது பக்கத்தை விட்டு முன் கண்ணாடிக்கு. இலைகள் வந்து ஒட்டின. வெளிறிய அடிப்பக்கம் அவள் பக்கம். நூறு. இருநூறு. இன்னும்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

குழாய் காலி.

பத்து. இருபது. முப்பது. காதுக்குள் ரத்தம் இடித்தது. நாற்பது. உள் அறை அமைதியாக இருந்தது. ஐம்பது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இலைகூட அசையவில்லை. அவள் முகத்துக்கு நேராக, அவள் உயரத்துக்கு, அவசரமே இல்லாமல், காத்துக்கொண்டிருந்தன.