பன்னிரண்டாவது பென்சில்

மழையில் தொப்பலாக நனைந்து ஓடி வந்தவள், சீர்திருத்தப் பள்ளியின் வாசல் மேஜையில் முட்டிக்கொண்டாள். அவள் கைப்பையிலிருந்து கொட்டிய தண்ணீரில், அங்கே உட்கார்ந்திருந்த காவலனின் பதிவேட்டில் பாதிப் பக்கம் கரைந்தே போனது. வழக்கமான காவலர் விடுப்பு எடுத்ததால் அன்றுதான் அவனுக்கு முதல் கேட் டியூட்டி. நல்ல நேரத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று நொந்துகொண்டான்.

"படம் வரையச் சொல்லித்தர வந்திருக்கேன். பன்னெண்டு பசங்க."

"ஷார்ப்னரை வெச்சிட்டுப் போங்க. உள்ள பிளேடு போகக்கூடாது."

"அப்போ பென்சிலை யாரு சீவுறது? நீங்களா?"

"சரி... சீவுறேன்."

வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் அந்தக் கண்கள்... இமையில் சொட்டும் மழையோடு அவை சிரித்தபோது எவனால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

கேட் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். புதன்கிழமைதோறும் பன்னிரண்டு பென்சில்களைச் சீவி, எண்ணி, எழுதிக் கொடுப்பான். திரும்பும்போதும் பன்னிரண்டு இருக்க வேண்டும்.

"இவ்வளவு அழகா சீவுறீங்க. என் வேலைக்கே உலை வெச்சிடுவீங்க போலிருக்கே, கேட் சார்?"

"எனக்குக் கோடு போடவே வராது, டீச்சர்."

போகிற போக்கில் ஊமையனைப் பற்றிச் சொல்வாள். கத்திக்குத்து வழக்கில் வந்தவன், யாரிடமும் பேசாததால் அந்தப் பட்டப்பெயர். "கோர்ட்டுல தலைக்கு மேல சுத்துன ஃபேனைத்தான் வரைஞ்சுக்கிட்டே இருந்தான். இப்போ அதுக்குக் கீழ ஒரு ஆளை வரைய ஆரம்பிச்சிருக்கான்..."

ஒரு புதன்கிழமை பதினொரு பென்சில்தான் திரும்பி வந்தது.

மெத்தைகளைக் கிழித்துத் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. சந்தேகம் கத்திக்குத்து வழக்கில் வந்த ஊமையன் மேல் விழுந்தது. பையன் முதன்முறையாக வாயைத் திறந்தான்.

"நான் எடுக்கலை, டீச்சர்."

"பொய் சொல்லாதடா. கேட் சார் எண்ணித்தான் குடுத்தாரு."

பக்கத்தில் நின்றிருந்த காவலனுக்கு அதைக் கேட்டு உச்சி குளிர்ந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது.

பென்சிலைத் திருடினான், பதினெட்டும் முடிந்துவிட்டது என்று ஊமையனைப் பெரிய சிறைக்கு அனுப்பினார்கள். ஓவிய வகுப்பும் நின்றது.

அடுத்த வாரம் மழைக்கோட்டை மாட்டிய காவலன் அதன் பைக்குள் கையை விட்டான். ஊசி போல் சீவிய பென்சில் விரலில் குத்தியது. பென்சில் காணாமல் போன அன்று அதைச் சீவி முடிக்கும்போது அவள் வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். பைக்குள் போட்டுவிட்டுக் குடையோடு ஓடினான்... எண்ணாமலே பன்னிரண்டு என்று எழுதினான்.

சொன்னால் வேலை போய்விடும், அவள் முகத்தில் விழிக்க முடியாது. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் காலையில் நடந்ததை எழுதிக் கொடுத்தான். கண்காணிப்பாளர் அவனைச் சஸ்பெண்ட் செய்தார். பையனைத் திரும்பக் கூப்பிட வழியில்லை என்றும் சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த ஓவியத் தாள்களை வாங்கிப் போக அன்று அவள் வந்திருந்தாள். பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"ஏன் எண்ணலை?"

"உங்களைப் பாத்துக்கிட்டிருந்தேன்... எல்லாப் புதன்கிழமையும் அப்படித்தான். எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும், டீச்சர்."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"எனக்கும் உங்களைப் பிடிக்கும்," என்றாள். "அதனாலதான் அன்னைக்கு அவன் சொன்னதை நான் நம்பலை."