மூன்று நொடித் தாமதம்

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது ஒரு வேடிக்கை சொன்னால், சிரிப்பு மூன்று நொடி கழித்துத்தான் எழும். கடல் நடுவே மிதந்த ஏழாம் காற்றாலை மேடையில் அதுதான் நடைமுறை. அங்கே நூற்றுப் பன்னிரண்டு பேர், பத்தொன்பது மொழிகள். ஆலைகளின் இரைச்சலில் காது போய்விடக் கூடாதென்று எல்லோரும் செவிமூடி அணிந்திருந்தார்கள். ஒருவர் பேசுவதைக் கழுத்துப்பட்டை வாங்கி, அடித்தளத்தில் இருந்த மொழிச்சில்லுக்கு அனுப்பும். அந்தக் கிழட்டு ப்ராசசர் மென்று விழுங்கி, மொழிபெயர்த்து, அடுத்தவர் காதில் சேர்க்க மூன்று நொடி பிடிக்கும்.

மேடையில் ஒரே தமிழ்க்காரி வடிவு. சில்லு தமிழ் கற்றுக்கொண்டதே அவளிடம்தான். ஆகவே அவள் காதில் நார்வேக்காரியும் ஜார்ஜியாக்காரனும் அசல் தூத்துக்குடித் தமிழில் பேசினார்கள்.

அந்த மூன்று நொடியில் ஒரு வசதி இருந்தது. கழுத்துப்பட்டையில் இருந்த அழிபொத்தானை அதற்குள் அமுக்கிவிட்டால் பேசியது யார் காதுக்கும் போகாது. பட்டையில் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னும், அவ்வளவுதான். கோபத்தில் வார்த்தையை விட்டவர்களும் வாய்தவறி உளறியவர்களும் அந்தப் பொத்தானின் புண்ணியத்தில்தான் மானத்தோடு வாழ்ந்து வந்தார்கள். அழித்தது என்ன என்று கேட்பது மட்டும் மகா அநாகரிகம். பக்கத்து இலையில் கைவைப்பதைக்கூட மன்னிப்பார்கள், அதை மன்னிக்க மாட்டார்கள்.

இறக்கை பழுதுபார்க்கும் ஜார்ஜியாக்காரன் லெவான், மாற்றல் உத்தரவு வந்த இந்த மூன்று மாதத்தில் மூன்று முறை வடிவின் எதிரே வந்து நின்று, முகம் சிவக்க ஏதோ சொல்லி, சட்டென்று அழித்திருந்தான். பிறகு, "ஒண்ணுமில்ல, டீ குடிக்கப் போவமா?" என்பான். இன்று நாலு மணிப் படகில் அவன் மடகாஸ்கர் பக்கத்து மேடைக்கு மாற்றலாகிப் போகிறான். அவன் அழித்த சொல் தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

அதே படகில்தான் புதிய மொழிச்சில்லும் வந்திருந்தது. போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அதே படகில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மாற்றுவது பிரயோசனமா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் பொறியாளர் வடிவு. தன் தீர்ப்பில் தன் ஆசையும் கலந்திருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். அதிகமாக இல்லை.

"மொழிபெயர்ப்பு நல்லாருக்குமா ஏட்டி?" என்று கேட்டாள் மேடைத்தலைவி இங்கிரிட்.

"அதே மொழிபெயர்ப்புதான்க்கா. ஒரு சொல்கூட வித்தியாசமில்ல. கரண்ட் கால்வாசி கூடுதலா இழுக்கும்."

"பின்ன என்னத்துக்கு?"

"வேகம். பேசின நொடியே காதுல கேக்கும்."

இங்கிரிட்டின் முகம் சுருங்கியது. "இந்த மூணு நொடியாலதான் ஆறு வருஷமா இங்க ஒரு அடிதடி கிடையாது. யோசிச்சியா?"

"ஒரு கல்யாணமும் கிடையாதேக்கா."

சொல்லிவிட்டு வடிவு காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இங்கிரிட் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரி, ஒரு மணி நேரம் போட்டுப் பாரு. நாலு மணிக்கு முடிவச் சொல்லு."

மூன்று மணிக்குப் புதிய சில்லு ஏறியது. இனி அழிபொத்தான் செல்லாது என்று வடிவு அறிவித்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாவது நிமிடம் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரே ஆரவாரம். மெக்சிகோக்காரர் ஒருவர் சூப்பைப் பற்றிச் சொன்ன உண்மை சமையல்காரரின் காதில் நேராக விழுந்துவிட்டது. சமையல்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். கூடமே குலுங்கிச் சிரித்தது, எல்லோரும் ஒரே சமயத்தில். ஆறு வருடம் சேர்ந்து சாப்பிட்டவர்கள் அன்றுதான் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தார்கள். வடிவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சோதனைகளை முடித்து மணியைப் பார்த்தால் நாலாக ஐந்து நிமிடம். படகுத்துறைக்கு எண்பது படி. விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். லெவானின் ஒரு கால் ஏற்கெனவே படகில் இருந்தது.

"நில்லுல!"

அவன் திரும்பினான். அக்கணமே திரும்பினான்! அந்த மகிழ்ச்சியில் இதமாக ஏதாவது கேட்கத்தான் நினைத்தாள். வந்தது வேறு.

"மூணு மாசமா ஒரு வார்த்தைய வாய்க்குள்ளயே வச்சிட்டு இப்ப ஓடுதியே, கோழப் பயலே!"

விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. சிவப்பு விளக்கு மின்னியது. ஆனால் அந்தச் சொல் அவன் முகத்தில் அறைந்ததை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். இந்த ஆறு வருடத்தில் இப்படி எத்தனையோ சொல்லி அழித்திருக்கிறாள். அவற்றில் ஒன்றுகூட ஒருவரைப் போய்த் தாக்கி அவள் பார்த்ததில்லை.

"கோழதான்," என்றான் லெவான். "நீ சிரிச்சிருவியோன்னு பயந்துதான் அழிச்சேன்."

"அப்ப என்ன சொன்ன?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். படகோட்டி கூசிப்போய் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னயப் போவாதன்னு சொல்லுன்னு கேட்டேன். மூணு தடவையும் அதத்தான் கேட்டேன்."

வடிவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "போவாத," என்றாள். "போவாத, போவாத!"

படகோட்டி சங்கு ஊதினார். "மணி நாலு. சில்லு திரும்ப வருதா, ஆளு வருதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும் வராது," என்றாள் வடிவு, இங்கிரிட்டைக் கேட்காமலே.

லெவான் துறையில் குதித்தான். அவன் பை படகோடு போயிற்று. அதை இருவருமே கவனிக்கவில்லை. ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் புகுந்து, ஒரே நேரத்தில் இருவரும் பேசித் தள்ளினார்கள். நடுவில் அவன் நிறுத்தினான்.

"கோழப் பயலேன்னா சொன்ன?"

இல்லையென்று சாதிக்க வழியில்லை. அவன் கண்ணில் அந்த வலி இன்னும் இருந்தது.

"சொன்னேன்," என்றாள் வடிவு. "மன்னிச்சுக்கோ, லெவான்."

சில்லு அதை உடனே அவன் காதில் சேர்த்தது. ஆறு வருடத்தில் அந்த மேடையில் யாருக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டதில்லை.