ஏழாம் கோபுரத்தைச் சுற்றும் வழி

2187 மார்ச் 12, நிலைய நேரம் காலை 8.40. சனிக்கோளின் நிலவான டைட்டனில், வடகரைக் குடியிருப்பின் விமானிகள் முப்பத்தொருவரும் வரிசையில் நின்று, காதுக்குப் பின்னால் பொருத்தியிருந்த பழைய வானத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதிய வானத்தைச் செருகிக்கொண்டிருந்தனர். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை நடப்பதுதான். டைட்டனின் செம்மஞ்சள் மூட்டத்தில் கண்ணுக்கு எதுவும் புலப்படாது; வழி, உயரம், தடை யாவற்றையும் அந்த வரைபடச் சில்லே உணர்த்தும். அது காட்டாத வழியில் வானூர்தி நகராது.

சில்லு வழங்கும் அலுவலர் குழந்தைவேலுவுக்கு இது இருபத்தாறாம் ஆண்டு. தலை நிமிராமலே நீட்டுவார், வாங்குவார். மருத்துவ ஊர்தி ஓட்டும் ரெஜினா மட்டும் கை நீட்டவில்லை.

“ஏழாம் கோபுரம் இதுலயும் இருக்கா அண்ணே?”

“இருக்கும்மா.”

“அதைச் சுத்திப் போக பத்தொன்பது நிமிஷம். போன மாசம் நான் ஏத்திட்டு வந்த சுரங்கத் தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் பதினோரு நிமிஷம் இருக்கும்போது செத்துட்டாரு. அந்தக் கோபுரத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“இந்த மூட்டத்துல யாரும்மா பார்த்தா?”

“தரை வண்டியில போய்ப் பார்த்துட்டு வருவோம், வாங்க. உங்க நாற்காலியை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.”

போனார்கள். விளக்கொளியில் தெரிந்தது வெறும் பனித்தரை. ஓர் ஆணி அடித்த தடம்கூட இல்லை. திரும்பி வந்து குழந்தைவேலு பழைய கோப்புகளைத் துருவினார். அறுபத்தோர் ஆண்டுகளுக்கு முன் கோபுரம் கட்ட முடிவெடுத்தார்கள், வரைபடத்தில் குறித்தார்கள், கட்ட மறந்தார்கள்.

கோபுரத்தை வரைபடத்திலிருந்து நீக்கக் கோரி அன்றே வரைபட வாரியத்துக்கு எழுதினார். பூமியிலிருந்து வந்த முதல் குடியேறிகள் மூச்சுக்காற்றும் விதிநூலும் கொண்டுவந்திருந்தனர். காற்று தீர்ந்துவிட்டது.

“இடித்ததற்கான சான்றிதழ் எங்கே?” என்றார், குழந்தைவேலுவை நேரில் அழைத்த வாரியத் தலைவர் வைத்தியலிங்கம்.

“அதைக் கட்டவே இல்லைங்க ஐயா.”

“கட்டாததை எப்படி இடிப்பது? இடிக்காததை எப்படி நீக்குவது?”

“ஆள் சாகிறாங்க ஐயா.”

“அதனால்தான் இன்றைக்கே முடிவெடுக்கிறோம்,” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

முடிவு இதுதான்: ஏழாம் கோபுரம் இரண்டாண்டுக்குள் கட்டப்படும். பொறியாளர் பார்வையிட்டு நிறைவுச் சான்று அளித்தபின் இடிக்கப்படும். இடிப்புச் சான்று கிடைத்ததும் வரைபடத்திலிருந்து நீக்கப்படும். அதுவரை, கட்டுமானப் பணியாளரின் பாதுகாப்பைக் கருதி, சுற்றுவழி மேலும் நான்கு நிமிடம் நீட்டப்படும்.

சில்லு மாற்றும் அடுத்த நாளில், சுற்றுவழி இருபத்துமூன்று நிமிடமாகியிருந்த புதிய சில்லைக் குழந்தைவேலு நீட்டினார். இம்முறை ரெஜினாவும் கை நீட்டி வாங்கிச் செருகிக்கொண்டாள்.